குட்டியானை எங்கே நிற்கும்?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுக் கண்ணைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மச்சினன் வந்து போனை மூக்குக்கு நேராக நீட்டினான். திரையில் ஒரு பழைய டாடா ஏஸ். முன்பக்கம் எலுமிச்சம்பழம், மிளகாய் கட்டித் தொங்கியது. பின்னால் தொட்டி முழுக்கத் துரு.

"அத்தான், ஒண்ணே முக்கா சொல்லுதான். ஒண்ணரைக்கு முடிச்சிரலாம். மேல தகரம் அடிச்சு, ஒரு பக்கம் ஷட்டர் மாதிரி தூக்கி விட்டா கடை ரெடி."

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். டாடா ஏஸை நாங்கள் குட்டியானை என்போம். கல்யாண வீட்டுப் பாத்திரம், வீடு மாற்றுகிறவர்களின் பீரோ, வாழைத்தார், வெள்ளாடு என்று எல்லாவற்றையும் முனகாமல் சுமக்கும். சென்னையில் ஃபுட் டிரக் என்றால் கலர் கலராக ஒரு வண்டி, அதன் மேல் ஆங்கிலத்தில் ஒரு சிலேடை, ஊதா விளக்கு. சங்கரன்கோவில் பக்கம் அது குட்டியானைதான். இல்லையென்றால் பழைய ஆம்னி வேன்.

மச்சினன் பதினோரு வருசம் கேரளாவில் பரோட்டா மாஸ்டராக இருந்தவன். கை வேலை சுத்தம். மாவை வீசினால் அந்தப் பக்கம் இருக்கிற ஆள் தெரிவார். ஊருக்குத் திரும்பி ஆறு மாசமாகிறது. தினமும் அவன் அக்கா, அதாவது என் வீட்டுக்காரி, "அவனுக்கு ஏதாச்சும் ஒரு வழி பாருங்க" என்று சொல்வதும், நான் "பாக்கேன்" என்று சொல்வதுமாகப் போய்க்கொண்டிருந்தது.

"வண்டி வாங்கு மாப்ள, நல்லதுதான். எங்க நிப்பாட்டுவ?"

"எங்க கூட்டமோ அங்க. அதுக்குத்தான வீலு?"

அன்று எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அதற்குப் பிறகு மூன்று வாரம் அவனோடு அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதத்தான் இந்தப் பதிவு. நீளம் கொஞ்சம் கூடிவிட்டது. டீ ஒன்று போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் வேலையாக, ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் பைக்கில் ஊரைச் சுற்றினோம். இடம் பார்க்க. ரத வீதிகள், பஸ் ஸ்டாண்டு பக்கம், ரயில்வே ஸ்டேஷன் ரோடு, ராஜபாளையம் ரோடு, திரும்பி வரும்போது தறிச்சத்தம் கேட்கும் தெருக்கள். ஐம்பது வருசமாக இந்த ஊரில் இருக்கிறேன். ஆனால் 'இங்கே ஒரு வண்டியை நிறுத்தலாமா' என்ற கண்ணோடு அன்றுதான் பார்த்தேன். எங்கேயும் சும்மா கிடக்கிற இடம் என்று ஒன்றும் இல்லை. காலியாகத் தெரிகிற இடத்துக்கும் ஒரு ஆள் உண்டு. அந்த ஆள் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

ஓர் இடம் மச்சினனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மின்கம்பத்துக்குப் பக்கத்தில் நல்ல வெளிச்சம், நல்ல அகலம். பக்கத்தில் கடலை வண்டி வைத்திருந்த அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"இந்த இடம் சும்மாதான கெடக்கு?"

அவர் வாணலியில் மணலைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: "எங்க சும்மா கெடக்கு? போஸ்டுக்கு அங்கிட்டு பூக்காரி. எட்டு மணி வரைக்கும் அவ. பாத்திரக்கடைய அடைச்ச பெறகு அந்த வாசல்ல இட்லிக்காரம்மா வருவா. காலையில நாலு மணிக்கு டீ கேனைக் கொண்டு ஒருத்தன் வருவான். நான் பதினேழு வருசமா இந்தக் கம்பத்துக்கு இங்கிட்டுதான். ஒரு அடி தள்ளமாட்டேன். ஒரு அடி தள்ளவும் விடமாட்டாவ."

ஒரே பத்தடி இடம், ஒரு நாளில் மூன்று பேர். யாரும் கையெழுத்துப் போடவில்லை, யாரும் கோடு கிழிக்கவில்லை. பிறகு தெருவோர வியாபாரிகளுக்கான நாடாளுமன்றச் சட்டத்தைப் படித்தபோது அதிலும் இதே ஏற்பாட்டைப் பார்த்தேன். ஓர் இடத்தை நேரம் பிரித்துப் பல வியாபாரிகளுக்குக் கொடுக்கலாமாம். அக்காவுக்கு அந்தச் சட்டம் தெரியாது. சட்டத்துக்கு அக்காவைத் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து டேப் வைத்து அளந்தோம். தள்ளுவண்டிக்கு ஆறடிக்கு நாலடி போதும். குட்டியானை பன்னிரண்டரை அடி நீளம், ஐந்தடி அகலம். ஷட்டரைத் தூக்கினால் இன்னும் மூன்றடி. அதற்கு முன்னால் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறவர்களுக்கு நாலடி. அவர்கள் வந்த பைக்குகளை மறந்துவிட்டேன், அதையும் சேருங்கள். தள்ளுவண்டிக்காரர் நுழைகிற இடுக்கில் யானை நுழையாது, குட்டியானாலும்.

வண்டிக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் பகுதி உண்மையில் சுலபம். சரக்கு வண்டியாகப் பதிவான வாகனத்தைத் தகரம் அடித்துக் கடையாக மாற்றினால் அது வண்டியின் அமைப்பையே மாற்றுவது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற வேண்டும். மொபைல் கேன்டீன் என்று வாகன வகைகளில் தனியாகவே ஒன்று இருக்கிறது. இதைச் செய்யாமல் ஓட்டி நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அந்தப் புத்தகத்தைத்தான். அடுத்தது உணவுப் பாதுகாப்புப் பதிவு. சின்ன வியாபாரிக்கு வருசத்துக்கு நூறு ரூபாய்தான் கட்டணம் என்று பல வருசம் நடந்துவந்தது. தள்ளுவண்டிக்கும் அது உண்டு, பலரும் எடுப்பதில்லை. கேஸ் வணிக சிலிண்டராக இருக்க வேண்டும். வீட்டுச் சிவப்பு சிலிண்டரைக் கடையில் வைத்தால் குற்றம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசின தட்டு, கப் எல்லாம் தடை. ஆக, தட்டின் மேல் தாளை விரித்து அதில் பரோட்டாவைப் பிய்த்துப்போட்டு சால்னா ஊற்றுகிற பழக்கம் வாழை இலைக்குத் திரும்ப வேண்டியதுதான். எனக்கு இதில் வருத்தமே இல்லை. இலையில் சால்னா ஊறுகிற வாசம் தாளில் வராது.

இத்தனை காகிதமும் சேர்ந்தால் வண்டி சட்டப்படி ஒரு கடை. ஆனால் அந்தக் கடையை எங்கே நிறுத்துவது என்று இதில் ஒரு காகிதமும் சொல்லாது.

இங்கேதான் எங்களுக்கு உறைத்தது. எங்கே நிற்கக் கூடாது என்று சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். மெயின் ரோடு நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம். 2001-ஆம் வருடத் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டப்படி அங்கே ஆக்கிரமிப்பு என்றால் எடுக்கச் சொல்லலாம். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்றால் போலீஸ். பொதுவழியை மறித்தால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அபராதம் இருநூறு ரூபாய் வரை. 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆவது பிரிவில் அதையே ஐயாயிரம் வரை ஏற்றிவிட்டார்கள். அது போக, 1889-இல் வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட நகரத் தொல்லைகள் சட்டம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. என் தாத்தா பிறப்பதற்கு முன்னால் வந்த சட்டம், என் மச்சினனின் குட்டியானையையும் பிடிக்கும்! பள்ளிக்கூட வாசல் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதி வருகிறது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள பண்டத்தைப் பள்ளியிலிருந்து 50 மீட்டருக்குள் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது. கொத்து பரோட்டா அதில் சேருமா என்று மச்சினன் கேட்டான். நீயே உன் மனசைத் தொட்டுச் சொல்லு என்றேன்.

ரயில்வே ஸ்டேஷன் வாசல் அவனுக்கு ஒரு கனவு. ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸுக்குச் சென்னை போகிற கூட்டம் பார்சல் வாங்கும் என்று கணக்குப் போட்டிருந்தான். ஆனால் தெருவோர வியாபாரிகளுக்கென்று வந்த மத்தியச் சட்டம் முதல் பிரிவிலேயே ரயில்வே நிலத்தைக் கழித்துவிடுகிறது. அங்கே அது செல்லாது. காம்பவுண்டுக்கு வெளியே, ரோடு யாருடையதோ அவர்களிடம் கேட்க வேண்டும்.

ஆக, ஒவ்வொரு வாசலிலும் 'இங்கே கூடாது' என்ற பதில் தயாராக இருக்கிறது. 'அப்போ எங்கே?' என்று திருப்பிக் கேட்டால் எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அது அவர் வேலை இல்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. வேண்டாம் என்று சொல்ல இத்தனை சட்டம் இருக்க, நில் என்று சொல்வதற்கு ஒரே ஒரு சட்டம்தான் இருக்கிறது. அது வருவதற்கு 2014 ஆகிவிட்டது.

தெருவோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம் என்று சுருக்கமாகச் சொல்லலாம். 2014 மார்ச் 4-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார், மே 1 முதல் நடைமுறை. அதற்கு முன்னால் எல்லாம் கோர்ட்டுதான். தெருவில் வியாபாரம் செய்வது அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு தருகிற தொழில் உரிமை, ஆனால் நியாயமான கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது என்று 1989-இல் சோடன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உரிமை இருக்கிறது, ஆனால் எந்த இடத்திலும் அல்ல. எந்த இடம் என்பதை முடிவு செய்ய ஆள் வேண்டும் அல்லவா? அந்த ஆளை 2014 சட்டம் உண்டாக்கியது. நகர விற்பனைக் குழு.

இந்தக் குழுவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது. நகராட்சி ஆணையர் தலைவர். போலீஸ், போக்குவரத்து, சுகாதாரம் எல்லாம் உறுப்பினர்கள். ஆனால் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் தெருவோர வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். அதுவும் வியாபாரிகள் தங்களுக்குள் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுத்தவர்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கடலை வண்டி அக்கா ஆணையருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, கம்பத்துக்கு அங்கிட்டு யார், இங்கிட்டு யார் என்று சொல்லலாம். அப்படித்தான் எழுதியிருக்கிறது.

குழுவின் வேலை என்ன? ஐந்து வருசத்துக்கு ஒருமுறையாவது கணக்கெடுப்பு. கணக்கில் வந்தவர்களுக்குச் சான்றிதழ். ஊரின் மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் வரை இடம் கொடுக்க வேண்டும். அறுபதாயிரம் பேர் உள்ள ஊர் என்றால் 1,500 பேர். குறைச்சல் இல்லை. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கிற வரை யாரையும் இடத்தை விட்டுக் கிளப்பக் கூடாது. கிளப்ப வேண்டி வந்தாலும் முப்பது நாள் முன்னால் எழுத்தில் அறிவிப்பு. தெருக்களை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: தாராளமாக விற்கலாம், கட்டுப்பாட்டோடு விற்கலாம், விற்கவே கூடாது. மூன்றாவதை இஷ்டத்துக்கு அறிவிக்க முடியாது. மக்கள் காலங்காலமாகக் கூடி வாங்கி விற்கிற இடம் 'இயல்பான சந்தை'. அதை விற்பனை கூடாத இடமாக்க முடியாது என்று அட்டவணையில் கண்டிப்பாக எழுதிவிட்டார்கள். யார் எழுதினாரோ, அவர் ஒரு தடவையாவது ஏதோ ஒரு கோவில் வாசலில் பூ வாங்கியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

இது ஏன் எனக்கு முக்கியமாகப் படுகிறது என்றால், இதற்கு நேர் மாறான ஒரு விதியும் இந்த நாட்டில் இருந்தது. 2003-இல் மும்பை வியாபாரிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நகரத்துக்கு ஒரு திட்டத்தை ஏற்றுக்கொண்டது. வழிபாட்டுத் தலம், பள்ளி, மருத்துவமனையிலிருந்து 100 மீட்டருக்குள் தெரு வியாபாரம் கூடாது, கோவில் வாசலில் பூ, தேங்காய் போன்ற பூசைச் சாமானைத் தவிர. மார்க்கெட், ரயில் நிலையத்திலிருந்து 150 மீட்டருக்குள் கூடாது. தெருவில் சமைக்கவும் கூடாது. மும்பை நெரிசலுக்கு அது சரியாக இருக்கலாம், நான் அங்கே குடியிருந்ததில்லை. ஆனால் அந்த அளவுகோலை எங்கள் ஊரில் வைத்துப் பார்த்தேன். சங்கரநாராயணர் கோவில் கோபுரத்தை நடுவில் வைத்து 100 மீட்டரில் ஒரு வட்டம் போடுங்கள். பூ, தேங்காயை விட்டுவிட்டாலும் வளையல், பொரி எல்லாம் உள்ளே போய்விட்டன. ஊர் என்று வெளியூர்க்காரர் நினைக்கிறதில் பாதி போச்சு.

ஆடித் தபசைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது இன்னும் நன்றாக விளங்கும். பன்னிரண்டு நாள் திருவிழா. அரியும் சிவனும் ஒன்று என்று காட்டச் சொல்லி கோமதி அம்மன் ஒற்றைக்காலில் தவம் நின்றதாகக் கதை. காட்சி கொடுக்கிற அன்றைக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அதற்கு முன்னால் ஆடிச்சுற்று என்று நூற்றியோரு சுற்று, நூற்றியெட்டுச் சுற்று, கோவிலைச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். ராத்திரி முழுக்கக் கால்கள். சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் கொண்டுவந்து சூறை விடுவார்கள். அந்தக் கால்களுக்கு ராத்திரி ஒரு மணிக்கு ஒரு சுக்குக் காப்பி வேண்டும். கையில் பிள்ளையோடு வந்தவளுக்கு இரண்டு இட்லி வேண்டும். கோவிலிலிருந்து 100 மீட்டர் தள்ளிப் போய்க் குடித்துவிட்டு வா என்று யார் சொல்வது? கோவில் வந்ததால்தான் கடை வந்தது, கடை வந்ததால்தான் ரத வீதி வீதியாக இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு நாளும் யார் எங்கே நிற்பது என்பதற்கு யாரும் மண்டலம் பிரிப்பதில்லை. முந்தின வருசம் நின்றவன் இந்த வருசமும் நிற்பான். பக்கத்து ஆள் அவனுக்காக ஒரு கல்லைப் போட்டு இடம் பிடித்து வைத்திருப்பான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் கடைக்காரர்கள் என்னைத் திட்டுவார்கள். நம் ஊர் பிரியாணி தேடி வெளியூரிலிருந்து கார் போட்டு வருகிறார்கள். ஓட்டல் வைத்திருக்கிற ஒருவர், எனக்கு வெகுநாள் பழக்கம், மச்சினன் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, நான் வாடகை கட்டுதேன், சொத்து வரி கட்டுதேன், குப்பைக்கு வரி, கரண்டுக்கு கமர்சியல் ரேட்டு. ஒங்க மச்சினன் எங்க வாசல்ல வண்டிய நிப்பாட்டி என் கூட்டத்துக்கே பரோட்டா போட்டா நான் என்னத்துக்கு ஷட்டரத் தெறக்கணும்?"

கேட்டால் நியாயம் போலத்தான் இருக்கிறது. இதே நியாயத்தை அமெரிக்காவின் சிகாகோ நகரம் சட்டமாகவே போட்டது. அங்கே உணவு வண்டி எந்த ஓட்டல் வாசலிலிருந்தும் 200 அடிக்குள் நிற்கக் கூடாது. ஒரு தெருவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. எங்கே நிற்கிறது என்று கண்காணிக்க வண்டியில் ஜி.பி.எஸ். கருவி. ஒரு கப்கேக் வண்டிக்காரர் வழக்குப் போட்டு, இல்லினாய் உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 மே மாதம் தோற்றார். ஓட்டல்கள் ஊருக்கு வரி கட்டி நிலையாக இருக்கின்றன, அவற்றைக் காப்பாற்ற நகரத்துக்கு உரிமை உண்டு என்பது தீர்ப்பின் சாரம்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. ஓட்டலுக்குப் போட்டி வரக் கூடாது என்பது தெருவின் வேலையா? இதே அண்ணாச்சியின் கடைக்கு எதிரே நாளைக்கு இன்னொருவர் கட்டடம் எடுத்து ஓட்டல் திறந்தால் 200 அடி விதி வராது. வாசலை மறிக்காதே, குப்பையைப் போடாதே, கழுவுதண்ணியை என் படியில் ஊற்றாதே என்று கேட்க அவருக்கு முழு உரிமை இருக்கிறது. அந்த மூன்றும் அடியில் அளக்கிற விஷயம் இல்லை. நம் சட்டம் இந்த இடத்தில் பரவாயில்லை. இடத்தைச் சுத்தமாக வைப்பது வியாபாரியின் கடமை என்கிறது, ஓட்டலைக் காப்பாற்றுவது பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். "ஒங்களுக்கு மச்சினன், அப்படித்தான் பேசுவிய" என்றார். அதுவும் உண்மைதான்.

சிங்கப்பூர்க்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 1971-இலிருந்து 1986-க்குள் தெருவில் இருந்த உணவு வியாபாரிகளை எல்லாம் குழாயும் வடிகாலும் உள்ள கட்டடங்களுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். லிட்டில் இந்தியாவில் டெக்கா சென்டருக்குப் போனவர்களுக்குத் தெரியும், தோசையும் சீனர் நூடுல்ஸும் ஒரே கூரைக்கு அடியில். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ அதைப் பாரம்பரியப் பண்பாடு என்று பட்டியலில் சேர்த்தது. நல்ல காரியம். ஆனால் அவர்கள் முதலில் இடத்தைக் கட்டிவிட்டு அப்புறம் தெருவைக் காலி செய்தார்கள். நம் ஊர்களில் தெருவைக் காலி செய்கிற இரண்டாம் பாதி மட்டும் சுறுசுறுப்பாக நடக்கும்.

எங்கள் குடும்பத்திலேயே அந்தச் சுறுசுறுப்பை ஒரு தடவை அனுபவித்திருக்கிறோம். ஊர் பேர் வேண்டாம். சித்தப்பா அங்கே தள்ளுவண்டியில் தோசைக்கடை போட்டிருந்தார். ஒருநாள் சாயங்காலம் லாரி வந்தது. வண்டி, அடுப்பு, சிலிண்டர், கல், சட்னி வாளி, மாவு டிரம் எல்லாம் ஏறிவிட்டது. யாரோ ஒரு பெரிய ஆள் அந்த வழியாக வருகிறாராம். ஒரு துண்டுச்சீட்டும் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் அபராதம் கட்டி எடுக்கப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். மாவு புளித்துப் பொங்கி, டிரம்மின் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து, காய்ந்து, வண்டிச் சக்கரத்தில் ஒட்டியிருந்தது. சித்தப்பா அதைக் கையால் சுரண்டிக்கொண்டே இருந்தார். சட்னிக் கரண்டி ஒன்று மட்டும் வரவே இல்லை.

2014 சட்டத்தின் 19-ஆவது பிரிவை இப்போது படித்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. பொருளை எடுத்தால் அங்கேயே பட்டியல் போட்டுக் கையெழுத்திட்டு நகல் தர வேண்டும். கெட்டுப்போகிற பொருளை, கேட்ட அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். மற்றதை இரண்டு வேலை நாளுக்குள். மாவு கெட்டுப்போகிற பொருள்தானே? அன்றைக்கு இந்த இரண்டு வரி தெரிந்திருந்தால் சித்தப்பா ராத்திரியே போய்க் கேட்டிருப்பார். கொடுத்திருப்பார்களா என்பது வேறு கதை. கேட்டாவது இருப்பார்.

இனி மச்சினன் கதைக்கு வருகிறேன். அவன் கணக்கெடுப்பில் இல்லாத புது ஆள். பதினேழு வருசம் நின்ற அக்காவுக்கு இருக்கிற பாதுகாப்பு அவனுக்குக் கிடையாது. ஆனால் 4-ஆவது பிரிவில் ஒரு சின்ன வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு கணக்கெடுப்புக்கு நடுவில் யாராவது புதிதாக வியாபாரம் செய்ய வந்தால், இடத்தின் கொள்ளளவையும் திட்டத்தையும் பார்த்து நகர விற்பனைக் குழு சான்றிதழ் கொடுக்கலாம். சான்றிதழில் நிலையான வியாபாரி, நகரும் வியாபாரி என்று வகை உண்டு. எழுதித் தர வேண்டிய உறுதிமொழிகளும் உண்டு. தானோ தன் குடும்பத்தாரோதான் நடத்துவது, வேறு பிழைப்பு இல்லை, சான்றிதழை இன்னொருவருக்கு வாடகைக்கு விடமாட்டேன்.

இதைப் படிக்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. இந்தச் சட்டம் எழுதியவர்கள் மனசில் இருந்தது கடலை வண்டி அக்கா. வாழ்வதற்கு வேறு வழியில்லாமல் தெருவில் நிற்கிறவர். மச்சினனும் அந்த வகைதான், அவனுடைய யானை கடனில் வந்த யானை. ஆனால் இதே வண்டியை நாலு ஓட்டல் வைத்திருக்கிற ஒரு முதலாளி நாலு தெருவில் நிறுத்திச் சம்பளத்துக்கு ஆள் போட்டால்? அது தெருவோர வியாபாரம் இல்லை, ஓட்டலின் கிளை. அவர் இந்தச் சட்டத்தின் நிழலில் நிற்க முடியாது. பெரிய நகரங்களில் ஃபுட் டிரக் என்று பளபளப்பாக நிற்பதில் பல இந்த இரண்டாம் ரகம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே விதி போட்டால் அடி விழுவது அக்காவுக்குத்தான். பெரிய வண்டி வந்து கம்பத்தடியில் நின்றால் அவரால் அதைத் தள்ள முடியுமா?

மச்சினனிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்போ நானும் அந்த அக்காவுக்குப் பெரிய வண்டிதான அத்தான்" என்றான்.

அதனால் அந்தக் கம்பத்தடியை விட்டுவிட்டோம். நகரும் வியாபாரி என்று சான்றிதழ் கேட்டு மனு எழுதினேன். எந்தெந்தத் தெரு, எந்தெந்த நேரம் என்று அவன் சொல்லச் சொல்ல. கூடவே ஒரு படம், டேப்பில் அளந்த அளவோடு. இணைப்பாக வணிக சிலிண்டர் ரசீது, உணவுப் பதிவு. மனுவை வாங்கிச் சீல் போட்டுக் கொடுத்தார்கள். சான்றிதழோ பரிந்துரைக் கடிதமோ கையில் வந்தால் தெருவோர வியாபாரிகளுக்கான ஸ்வநிதி கடனுக்கும் விண்ணப்பிக்கலாம். முதல் தவணை முன்பு பத்தாயிரம், இப்போது பதினைந்தாயிரமாக உயர்த்தியிருக்கிறார்கள். ஷட்டர் அடிக்கிற தகரத்துக்கு ஆகும்.

அது வருகிற வரைக்கும் என்ன செய்வது? தறிக்காரர்கள் தெருவில் என் சேக்காளி ஒருவனுக்கு ஐந்து சென்ட் மனை சும்மா கிடக்கிறது. சொந்த நிலம், ரோட்டை மறிக்காது. வாரத்துக்கு இவ்வளவு என்று பேசி, மச்சினன் குட்டியானையை அதற்குள் பின்பக்கமாக ஏற்றி நிறுத்தியிருக்கிறான். போன வெள்ளிக்கிழமை முதல் நாள். நான் போனபோது ராத்திரி ஒன்பதே முக்கால். கல் சூடாகிக் கொண்டிருந்தது. ஒரு ஈ காக்கை இல்லை.

"அத்தான், கூட்டம் இருக்க எடத்துக்குப் போறதுக்குத்தான் வீலு வச்சேன். இப்ப வண்டி ஒரு எடத்துல நிக்கி, கூட்டத்தக் காணோம்."

பத்து மணிக்கு முதல் தறி நின்றது. அதுவரை அந்தச் சத்தம் காதில் இருந்ததே எனக்குத் தெரியவில்லை. அது நின்றதும்தான் கல்லில் எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்டது. இன்னொரு தறி நின்றது. பஞ்சு ஒட்டின தலையோடு இரண்டு பேர் மனை வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"என்னடே இருக்கு?"

"வாங்கண்ணே. பரோட்டா, கொத்து, கறிதோச."

"சால்னா கோழியா, ஆடா?"

மச்சினன் மாவு உருண்டையை எடுத்து வீசினான்.